தோப்பு வளர்க்கும் வீடுகள்: வடசென்னையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொருக்குப்பேட்டையில் எங்கள் குடியிருப்பின் கடைசி பிளாக்குக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதலான இடம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது அங்கே நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. மறுநாள் காலை வாசலைத் திறந்தால் வெளிச்சம் கண்ணைக் கூசியது. அத்தனை வருஷம் ஒரு நிழலுக்குள் குடியிருந்தோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த ஐப்பசியில் ஏழு குடும்பங்கள் சேர்ந்து அங்கே கன்றுகள் வைத்தோம். அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்த என் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கன்றுகளும் தோப்பாகிவிட்டன. பக்கத்துத் தெருக்களிலிருந்து வந்து பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, எங்களுக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

வடசென்னையில் காடு ஏது, தோப்பு ஏது?

நம் ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். புளியந்தோப்பு. எருக்கஞ்சேரி. வேப்பேரி. பெரம்பூருக்குப் பிரம்பினால் பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். திருவொற்றியூர்க் கோயிலில் மகிழ மரம் தலமரம். சங்கிலி நாச்சியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது அந்த மகிழடியில்தான் என்பது தலக்கதை. மாசித் திருவிழாவில் இன்றைக்கும் மகிழடி சேவை நடக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, 19-ஆம் நூற்றாண்டில் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் முயற்சியால் உருவான பீப்பிள்ஸ் பார்க் நூறு ஏக்கருக்கு மேல் விரிந்திருந்தது. 1985-இல் வண்டலூருக்குப் போன மிருகக்காட்சிசாலை அதற்கு முன்பு அங்கேதான் இருந்தது. ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருக்கும் மைலேடி பூங்கா அந்தப் பெரிய பூங்காவில் மிஞ்சிய ஒரு துண்டு.

உயிரோடு இருக்கும் காட்டைப் பார்க்க வேண்டுமானால் எண்ணூர் கழிமுகத்துக்குப் போங்கள். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடத்தில் அலையாத்தி மரங்கள் இன்னும் நிற்கின்றன. நம் கரைக்கே உரிய இன்னொரு காடு உண்டு. மழை குறைந்த மாதங்களிலும் இலை உதிர்க்காத, உயரம் குறைந்த, தடித்த இலை மரங்கள் நெருங்கி நிற்கும் காடு. உலர் பசுமைமாறாக் காடு என்று அதற்குப் பெயர். சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் பரவியிருந்தது. இன்றைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலும் தெற்கே கிண்டியிலும் பழைய கோயில் காடுகளிலும் திட்டுத் திட்டாக இருக்கிறது. எங்கள் தோப்பைக் காடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் வைக்க மரம் தேடும்போது இந்தக் கரையின் பழைய காட்டைத்தான் மாதிரியாக வைத்துக்கொள்கிறோம்.

குடும்பத்தோடு தொடங்குவதென்றால் எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு மரத்தில். உங்கள் தெருவில் ஏற்கெனவே நிற்கும் மரமாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், பத்து நிமிஷம் அதன் அடியில் போய் நில்லுங்கள். துளிர் வந்திருக்கிறதா, பூ எந்தப் பக்கம் முதலில் விரிந்தது, எந்தக் கிளையில் காக்கை சுள்ளி சேர்க்கிறது என்று பிள்ளை சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். ஒரு வருஷம் இப்படிப் போனால், அடுத்த வருஷம் அந்த மரத்துக்கு ஏதாவது ஆனால் வீட்டில் எல்லோருக்கும் வலிக்கும். நடும் ஆசை அதற்கு அப்புறம் வரட்டும்.

பள்ளிப் பாட்டில் வரும் இலையுதிர்காலம் நம் ஊரில் எப்போது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலப் பாட்டில் இலை செப்டம்பர், அக்டோபரில் உதிர்கிறது. அந்த மாதங்களில் இங்கே வெளியே எட்டிப் பார்த்தால் மரமெல்லாம் பச்சையாக நிற்கிறது. அதனால் நம் ஊரில் அப்படி ஒரு காலமே கிடையாது என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. இருக்கிறது, வேறு மாதத்தில்.

நம் முன்னோர் வருஷத்தை ஆறாகப் பிரித்தார்கள். சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. நம் மரங்களில் பல இலை உதிர்ப்பது பின்பனியில். குளிருக்குப் பயந்து உதிர்ப்பதில்லை. மழை நின்று மண் காயத் தொடங்கும்போது, தண்ணீர் செலவைக் குறைக்கப் பழைய இலைகளைக் கழற்றி விடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், மொட்டையாக நிற்கும் நாட்கள் மிகக் குறைவு. எங்கள் புங்கை மாசி மாதம் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சருகாக இருக்கும். அடுத்த சனிக்கிழமை கிளை நுனியில் மெழுகு தடவியது போல் மினுங்கும் கொழுந்து. அதற்கடுத்த வாரம் கண்ணுக்குக் குளிர்ச்சியான இளம்பச்சை. அரச மரத்தின் தளிர் செம்பு நிறத்தில் வரும். ஆக, இங்கே இலையுதிர்காலமும் வசந்தமும் ஒரே மாதத்துக்குள் அடுத்தடுத்து வந்துபோகின்றன. வருஷத்தில் இந்த மூன்று வாரத்தை மட்டும் எந்த வேலை இருந்தாலும் தவற விடாதீர்கள்.

மற்ற பருவங்களில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

பங்குனி கடைசியில் வேம்பு பூக்கும். விடியற்காலையில் அந்த மணம் மூன்றாவது மாடி வரை ஏறும். எங்கள் பிளாக்கில் பாதி வீடு தெலுங்கு பேசும் வீடு. உகாதிக்கு அவர்களும் சித்திரை முதல் நாளுக்கு நாங்களும் வேப்பம்பூ பொறுக்குவதால், கீழே விரிக்கும் பழைய வேட்டி பதினைந்து நாள் சுருட்டப்படாமலே கிடக்கும். புங்கம்பூ உதிரும்போது தரையில் பொரி சிந்திய மாதிரி இருக்கும். அதைப் பெருக்கித் தள்ளாமல் ஒரு நாளாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். சித்திரையில் சரக்கொன்றை. மே 4 வாக்கில் கத்திரி தொடங்கினால் நுங்கு. மதியம் எத்தனை மணிக்குக் கடற்காற்று திரும்புகிறது என்று தினமும் குறிக்கும் வேலையை என் மகன் எடுத்துக்கொண்டான். காற்று தாமதமாக வந்த நாட்களில்தான் வெயில் அதிகம் என்று அவனே கண்டுபிடித்தான்.

ஆனி, ஆடியில் வேப்பம்பழமும் நாவற்பழமும். நாக்கு நீலமாக வீட்டுக்கு வரும் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆடியில் அம்மன் கோயில் கூழுக்கும் தோரணத்துக்கும் வேப்பிலை நிறைய வேண்டியிருக்கும். கிளையைப் பிடித்து இழுத்து முறித்தால் பட்டை உரிந்து, அந்தக் காயத்தின் வழியாக மரத்துக்குள் அழுகல் இறங்கும். அரிவாளால் சுத்தமாக வெட்டி எடுக்கலாம். எங்கள் கோயில் பெரியவரிடம் சொன்னோம். இரண்டே வருஷத்தில் தெருவே பழகிக்கொண்டது.

புரட்டாசி மாலையில் தட்டான்கள் கூட்டமாகத் தாழப் பறக்கும். "மழை வரப்போவுது" என்று எங்கள் ஆயா அப்போதே மொட்டை மாடியில் காயும் வடகத்தை எடுக்கச் சொல்வார். ஐப்பசியில் ஒரு விருந்தாளி வரும். பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால்: ஆறுமணிக்குருவி. வடக்கேயிருந்து இரவில் பறந்து தெற்கே போகும் வழியில் களைத்துப்போய் நம் வீட்டு முற்றத்திலும் மாடிப்படியிலும் இறங்கிவிடும். 2021-இல் எங்கள் படிக்கட்டு ஜன்னலில் மோதி ஒன்று விழுந்தது. துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாத மூலையில் வைத்தோம். வாயில் தண்ணீர் ஊற்றவில்லை. சாயங்காலம் தோப்பில் பெட்டியைத் திறந்ததும் சருகுக்குள் தத்திப் போய்விட்டது. சருகை நாங்கள் பெருக்காமல் விட்டதால்தான் அதற்கு ஒளிய இடம் இருந்தது, இரையும் இருந்தது.

கார்த்திகையில் சொக்கப்பனை, தையில் பனங்கிழங்கு. இரண்டையும் தனியாகச் சொல்லத் தேவையில்லை, நம் வீடுகளில் இன்னும் மறக்கவில்லை.

ஜூன் 5 அன்று பள்ளியில் மரக்கன்று கொடுத்தார்கள். அன்றைக்கே நடலாமா?

தயவுசெய்து வேண்டாம். சுற்றுச்சூழல் தினம் உலகத்துக்கு ஜூன் 5. சென்னை மண்ணுக்கு அந்த நாள் கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், மண் கொதித்துக்கொண்டிருக்கும். நம் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெய்கிறது. ஜூனில் வைத்த கன்றுக்கு அதுவரை நான்கு மாதம் கைத்தண்ணீர்தான். லாரி வந்தால்தான் குடம் நிறையும் தெருவில் அது முடிகிற காரியமா? நட்டவர்கள் படம் எடுத்துக்கொண்டு போன பிறகு, காய்ந்த குச்சியும் கூண்டும் மட்டும் நிற்பதைப் பிள்ளைகள் தினமும் பார்த்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். நட்டால் செத்துப்போகும் என்ற பாடத்தைத்தான் அது அவர்களுக்குச் சொல்லித் தருகிறது. எனக்கு இது உண்மையிலேயே வேதனை.

கன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பெரிய பையில் மண்ணும் மட்கிய எருவும் கலந்து மாற்றி, நிழலில் வைத்து, புரட்டாசி வரை பிள்ளையையே வளர்க்கச் சொல்லுங்கள். முதல் நல்ல மழை மண்ணில் ஒரு சாண் இறங்கிய பிறகு நடுங்கள். மழைக்காலம் முழுவதும் வேர் ஓடிக்கொள்ளும்.

எந்த மரம் வைக்கலாம்?

காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் போல உப்புக்காற்று படும் இடத்துக்குப் புன்னை, பூவரசு, பனை, வேம்பு, புங்கை. நெய்தல் நிலத்து மரம் என்று நம் ஆட்கள் புன்னையைச் சொன்னது சும்மா இல்லை. அதன் தடித்த இலை உப்பையும் தாங்கும், காற்றையும் தாங்கும். கொளத்தூர், மாதவரம் போல உள்ளே தள்ளிய, கொஞ்சம் ஈரம் தங்கும் இடத்துக்கு நாவல், நீர்மருது, இலுப்பை, மகிழம். மின்கம்பிக்கு அடியில் பெரிய மரம் வைத்தால் வருஷா வருஷம் தலை வெட்டப்படும். அங்கே நொச்சி, செம்பருத்தி போதும்.

நாங்கள் முதல் வருஷம் ஆசைப்பட்டு இரண்டு குல்மோகரும் வைத்தோம். சீக்கிரம் வளர்ந்து, சிவப்பாகப் பூத்து, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 2020 நவம்பரில் நிவர் புயல் பக்கத்தில் போனபோது இரண்டுமே சாய்ந்தன. அதே வரிசையில் நின்ற புன்னையில் ஒரு கிளை முறிந்ததோடு சரி.

பனை விதை போடலாமா? காய்க்க எத்தனை வருஷம்?

போடுங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் தின்ற கொட்டையை ஏரிக்கரையிலோ சுவரோரத்திலோ நேராகப் புதைத்தால் போதும், நாற்று வளர்த்து மாற்றி நடுவது பனைக்கு ஒத்து வராது. முளை முதலில் கீழே இறங்கிக் கிழங்காகும். மேலே ஓலை தெரியப் பல மாதம் ஆகும். ஒன்றும் வரவில்லை என்று தோண்டிப் பார்த்துக் கெடுத்துவிடாதீர்கள். காய்க்கப் பதினைந்து வருஷத்துக்கு மேல்கூட ஆகலாம். "தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பார்கள். என் மாமனார் எழுபத்தொன்றாவது வயதில் எட்டுக் கொட்டை புதைத்தார். ஐந்து வந்திருக்கிறது. ஆண் மரமா பெண் மரமா என்பது பாளை விட்ட பிறகுதான் தெரியும் என்பதால், தன் பேரனுக்கு நுங்கு கிடைக்குமா கிடைக்காதா என்று அவர் இன்றைக்கும் மருமகளிடம் பந்தயம் கட்டுகிறார்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஊற்றலாமா?

வடசென்னையில் பாதிப் பேருக்கு இதே பிரச்சினை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிட்டது. பல பத்தாண்டுகளாக அதைப் பற்றிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கொஞ்சம் உப்பு என்றால் புன்னையும் பூவரசும் பொறுத்துக்கொள்ளும். நாவல் கன்றுக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தில் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் கூடுதல், அதைக் கழிவறைக்குப் பயன்படுத்துங்கள். ஏசி சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. எங்கள் பிளாக்கில் நான்கு ஏசிக் குழாய்களை ஒரு டிரம்மில் விட்டிருக்கிறோம், கோடையில் கன்றுகளுக்கு அதுதான் முதல் தண்ணீர். அரிசி களைந்த தண்ணீரும் தாராளமாக ஊற்றலாம்.

எப்படி ஊற்றுவது என்பதும் முக்கியம். தினமும் ஒரு சொம்பு தெளித்தால் வேர் மேலேயே சுற்றும். வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு குடம் மெதுவாக இறங்கும்படி விடுங்கள். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு மூடாக்கு போடுங்கள், தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. இப்படி மூன்று கோடையைத் தாண்ட வைத்தால் அப்புறம் மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். நடுவது அரை நாள் வேலை. எங்கள் உழைப்பெல்லாம் போனது அந்த மூன்று கோடையில்தான். குடும்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதும் அப்போதுதான். இந்த வாரம் யார் வீட்டு முறை என்று காலண்டரில் எழுதி மாடிப்படியில் மாட்டியிருந்தோம். முறை தவறிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லாமலே ஊற்றிவிட்டுப் போவாள்.

மியாவாக்கி முறையில் அடர்காடு வைக்கலாமா?

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை அது. மண்ணை ஆழமாகக் கிளறி, எரு சேர்த்து, அந்தந்த மண்ணின் மரங்களைச் சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு என்று நெருக்கி நடுவார்கள். சென்னை மாநகராட்சியும் பல இடங்களில் செய்திருக்கிறது. இரண்டு மூன்று வருஷம் தண்ணீருக்கும் களையெடுப்பதற்கும் ஆள் உறுதியாக இருந்தால் செய்யலாம். எங்களுக்குப் பிள்ளைகள் உள்ளே நடந்து விளையாட இடம் வேண்டும் என்பதால் இடைவெளி விட்டே வைத்தோம்.

புயலுக்கு முன்னால் கிளைகளை வெட்டி மொட்டையடித்துவிடலாமா?

மொட்டையடிக்காதீர்கள். தலை முழுவதையும் வெட்டினால், வெட்டிய இடத்தில் நெருக்கமாகப் புதுக்கிளைகள் கிளம்பும். அவை மரத்தோடு உறுதியாகப் பிணையாமல் மேலோட்டமாக ஒட்டியிருக்கும், அடுத்த காற்றில் முதலில் முறிவது அவைதான். ஆவணி, புரட்டாசியில் கவாத்து செய்யுங்கள்: காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, ஒரே பக்கம் பாரமாக நீளும் கிளை. காற்று ஊடுருவிப் போக வழி இருந்தால் போதும்.

வர்தாவில் தூங்குமூஞ்சியும் குல்மோகரும் மஞ்சள் பூ பூக்கும் இயல்வாகையும் நகரெங்கும் ஏராளமாகச் சாய்ந்தன. சாய்ந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பலவற்றுக்கு ஒரு பக்கம் வேரே இல்லை. கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டும்போது வெட்டியிருப்பார்கள், அல்லது தண்டை ஒட்டி சிமென்ட் போட்டு மூடியிருப்பார்கள். எங்கள் தோப்போரத்துப் புன்னைக்கும் அது நடந்தது. கேபிள் பதிக்க வந்த ஒரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கை தடிமன் வேரை அறுத்துப் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் மட்டும் இரண்டு வருஷம் இலை வெளிறியே இருந்தது. இப்போது யார் தோண்ட வந்தாலும், வீட்டில் இருக்கும் யாராவது இறங்கிப்போய் நிற்கிறோம். மரத்தைச் சுற்றி மூன்றடிக்கு மூன்றடியாவது மண்ணாக விட்டுவையுங்கள்.

சின்னக் கன்றுக்கு ஊன்றுகோல் கட்டுவதாக இருந்தால் மேற்குப் பக்கம் நட்டு, துணியால் தளர்வாகக் கட்டுங்கள். ஆடிக்காற்று மேற்கேயிருந்து வரும். கன்று கோலில் உரசாமல் விலகி ஆடும். கொஞ்சம் ஆடினால்தான் தண்டு உரம் பெறும்.

வெள்ளம் நின்றால் மரம் செத்துவிடுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தோப்பில் நான்கு நாள் முழங்கால் தண்ணீர். முருங்கை இரண்டும் வேர் அழுகிப் போயின. நாவலும் நீர்மருதும் ஒன்றுமே நடக்காதது போல நின்றன. தண்ணீர் வடிந்ததும் மேலே படிந்த சேற்றையும் பிளாஸ்டிக்கையும் வாரிவிட்டு, மண்ணை லேசாகக் கொத்தி விட்டோம். வெள்ளம் பட்ட மண்ணில் அந்த வாரம் பிள்ளைகளை வெறுங்காலோடு இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு.

இத்தனை மரம் வைத்தால் ஆலைப் புகையால் கெட்ட மணலிக் காற்று சுத்தமாகிவிடுமா?

ஆகாது. இலை கொஞ்சம் தூசியைப் பிடிக்கும், நிழல் சூட்டைக் குறைக்கும். மே மாத மதியத்தில் எங்கள் தோப்புக்குள் காலடி வைத்தாலே அது தோலுக்குத் தெரியும். ஆனால் புகைபோக்கியிலிருந்து வருவதைப் புகைபோக்கியில்தான் நிறுத்த வேண்டும். மரம் நடுகிறோம் என்ற காரணத்தைக் காட்டி, புகையை ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்வியை யாரும் நம்மிடமிருந்து பறித்துக்கொள்ள விடக் கூடாது. நாங்கள் செடிக்குத் தண்ணீரும் ஊற்றுகிறோம், கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கும் போகிறோம்.

சருகை எரிக்கலாமா?

கூடாது. திடக்கழிவு மேலாண்மை விதிகளே திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கின்றன. போகி அன்றைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூலையில் குவித்து, மழை நனைத்தால் ஆறேழு மாதத்தில் மட்கு. நீங்களே உரம் வாங்குவதை நிறுத்திவிடுவீர்கள்.

கால்வாயோரச் சீமைக் கருவேலத்தை வெட்டிவிட்டு நடலாமா?

அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது, அதில் இந்த மரமும் உண்டு. இடம் யாருடையது என்று பார்த்து அனுமதி வாங்குங்கள். மேலே வெட்டினால் மட்டும் மீண்டும் தழையும். கடப்பாரை போட்டு அடிக்கட்டையோடு பெயர்க்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வழித்துவிட வேண்டாம். அதில்தான் இப்போதைக்குக் குருவிகள் அடைகின்றன. ஒரு பகுதியை எடுத்து, நம் மரத்தை வைத்து, அது தோளுயரம் வந்த பிறகு அடுத்த பகுதி.

பிள்ளைகள் போனை விட்டு வர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

கட்டாயப்படுத்தி அழைத்து வந்த எந்தப் பிள்ளையும் எங்களிடம் நிலைக்கவில்லை. வேலை கொடுத்த பிள்ளை நிலைத்தது. ஐந்து வயதுக்குச் சொம்பு, எட்டு வயதுக்கு மண்வெட்டி, பன்னிரண்டு வயதுக்கு நோட்டும் டேப்பும். நெஞ்சுயரத்தில் மரத்தின் சுற்றளவை வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலன்று, அளந்து எழுதும் பொறுப்பு எங்கள் பெரிய பிள்ளைகளுடையது. கூடவே அவர்களின் உயரத்தையும் அதே நோட்டில் எழுதுகிறோம். இன்னொன்று, விதை பொறுக்கச் சொல்லுங்கள். வேப்பங்கொட்டை சில வாரத்திலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும், அதனால் பொறுக்கிய வாரமே போட வேண்டும். அந்த அவசரம் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

பெரியவர்களை மறந்துவிடாதீர்கள். எங்கள் ஆயாவால் குனிய முடியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, எது களை, எது கீரை என்று சொல்வார். மூக்கிரட்டை, குப்பைமேனி, கீழாநெல்லி எல்லாம் பிள்ளைகள் கற்றது அவரிடம்தான். தான் சிறுமியாக இருந்தபோது கொருக்குப்பேட்டையில் எங்கெங்கே குட்டை இருந்தது என்று அவர் கையைக் காட்டும் இடங்களில்தான் மிக்ஜாமில் தண்ணீர் நின்றது.

பாம்பு வராதா?

வரலாம். சாரை ஒன்று எங்களிடம் இருக்கிறது, எலி குறைந்திருக்கிறது. சருகுக் குவியலில் கை விடாதீர்கள், கோலால் கிளறிவிட்டுத் தொடுங்கள், ஷூ போடுங்கள். மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி அப்பியிருக்கும், அந்தப் பக்கம் போக வேண்டாம். குன்றிமணி, ஊமத்தை, ஆமணக்கு, அரளி இவற்றின் விதையைச் சின்னப் பிள்ளை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு ஜாடி வைக்கத்தான் இடம். அதற்கு?

கறிவேப்பிலை. வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிடும். புழு முதலில் பறவை எச்சம் போலவும் அப்புறம் பச்சையாகவும் மாறும். கொன்றுவிடாதீர்கள், குழம்புக்கு நான்கு இலை குறைந்தால் பரவாயில்லை.

எண்ணூர் அலையாத்திக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

கட்டாயம். முன்பனிக் காலத்தில், தண்ணீர் வடிந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல ஆயிரக்கணக்கில் மேலே நீட்டியிருப்பவை வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. இலையைத் திருப்பினால் மரம் வெளியேற்றிய உப்பு பொடிப்பொடியாக மின்னும். தொட்டுப் பார்க்கலாம், நக்க வேண்டாம். அந்தத் தண்ணீரில் என்னென்ன கலக்கிறது என்பது அங்கே வலை வீசும் அண்ணன்மாருக்குத்தான் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தபோது இந்த மரங்கள் தண்டு வரை கறுத்துப்போயின. மீனவர் வலையும் படகும் பிழைப்பும் சேர்ந்து போயின. அவர்களிடம் நின்று பேசுங்கள். கழிமுகத்தைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்காமல் பிள்ளைகளைத் திருப்பி அழைத்து வந்தால் பாதிதான் பார்த்த மாதிரி.

இன்னும் ஒரு நாள் கிடைத்தால் பழவேற்காடு. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும்.

தெரு மரத்தை வெட்ட ஆள் வந்தால்?

அனுமதிக் கடிதம் கேளுங்கள். பொது இடத்து மரத்துக்கு மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இல்லை என்றால் படம் எடுத்து, மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்யுங்கள். ஆணி அடித்து விளம்பரப் பலகை மாட்டியிருந்தாலும் அதே எண்தான். நான்கு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள், சண்டை போடாதீர்கள். கூலிக்கு வந்தவர் மேல் கோபப்பட்டு எதுவும் ஆகப்போவதில்லை.

உங்கள் தோப்புக்கு ஒரு நாள் வரலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வாருங்கள். எட்டரைக்கு முடித்துவிடுவோம், அதற்கு மேல் வெயில் ஏறிவிடும். பழைய முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ, குடிக்கத் தண்ணீர். மண்வெட்டி எங்களிடமே இருக்கிறது. சின்னப் பிள்ளை வந்தால் அதற்கென்று ஒரு சொம்பு மட்டும் எடுத்து வாருங்கள், எங்களிடம் இருக்கும் மூன்று சொம்புக்கு ஏற்கெனவே அடிதடி நடக்கிறது.